நிற்பது வேறு, நிறுத்திவிட்டுப் போவது வேறு

கேட்கப்பட்ட கேள்வி: "வேலூர் ஆற்காடு சாலை, காந்தி ரோடு, மெயின் பஜார் மூன்றிலும் வண்டி நிறுத்த முழுத் தடை போட்டால் நெரிசல் தீருமா? வியாபாரம் படுத்துவிடும் என்கிறார்களே கடைக்காரர்கள், அது உண்மையா? இப்படித் தடை போட யாருக்கு அதிகாரம்?"

தீராது. முழுத் தடை என்று பலகை நட்டால் முதல் வாரம் சாலை பளிச்சென்று இருக்கும். இரண்டாவது வாரம் காவலர் நிற்கும் நேரத்தில் மட்டும் பளிச்சென்று இருக்கும். ஒரு மாதம் போனால் அந்தப் பலகையின் நிழலிலேயே நாலு ஸ்கூட்டர் நிற்கும். வேலூர் வெயிலில் கையகல நிழல் கிடைத்தால் யார் விடுவார்கள்? ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி பேசுவது பழைய வழக்கம். 1981இல் ஜலகண்டேசுவரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டதால் அந்த வரிசையில் ஓர் இடம் காலி. மதிப்பார் இல்லாத நோ பார்க்கிங் பலகையை அங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

சாலைப் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அட்டையும் பென்சிலுமாகத் தெருமுனையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் எத்தனை பஸ், எத்தனை லாரி, எத்தனை மாட்டுவண்டி என்று கோடு கிழித்து எண்ணிய தலைமுறை. நாலு கோடு நெட்டுக்கு, ஐந்தாவது குறுக்கே. அப்படி எண்ணிப் பழகியவனாகச் சொல்கிறேன்: தடை வேண்டும்தான். எதைத் தடுப்பது என்பதில்தான் ஒவ்வோர் ஊரும் சறுக்குகிறது.

சறுக்கல் நம் மொழியிலேயே தொடங்குகிறது. "இங்கே வண்டியை நிறுத்தாதே" என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டு வேறு காரியங்களைச் சொல்லிவிடுகிறோம். ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்காமல் ஆளை இறக்கிவிட்டு ஒரு நிமிடத்தில் கிளம்புவது ஒன்று. பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவது இன்னொன்று. சாலைக் குறியீடுகளில் இரண்டுக்கும் தனித்தனிப் பலகை உண்டு. நீல வட்டம், சிவப்பு விளிம்பு, நடுவில் ஒரே ஒரு சாய்ந்த சிவப்புக் கோடு இருந்தால் வண்டியை விட்டுவிட்டுப் போகக்கூடாது. ஆளை ஏற்றி இறக்கலாம். அதே நீல வட்டத்தில் இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொண்டால் நிற்கவே கூடாது. ஓட்டுநர் உரிமத் தேர்வுக்காக இதை எல்லோரும் ஒருநாள் படித்தோம், மறுநாள் மறந்தோம். பலகை எழுதுகிறவர்களும் மறந்துவிட்டதால் சந்திப்பின் வாயிலிலும் 'நோ பார்க்கிங்', நீண்ட கடைத்தெரு நெடுகவும் 'நோ பார்க்கிங்'. முதலாவது இடத்துக்கு அந்தத் தடை போதாது. இரண்டாவது இடத்துக்கு அது அதிகம்.

ஆற்காடு சாலைக்கு வருவோம். பெயர்ப்பலகையில் ஐடா ஸ்கடர் சாலை. ஊர் வாயில் இன்னும் ஆற்காடு சாலைதான். 1900இல் அந்த அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியது இன்று சி.எம்.சி. மருத்துவமனையாக, நாளொன்றுக்குப் பல ஆயிரம் புறநோயாளிகள் வரும் இடமாக நிற்கிறது. கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறார்கள். பாபு ராவ் தெரு லாட்ஜ்களிலும் மருந்துக் கடைகளிலும் வங்காள எழுத்துப் பலகையைப் பார்க்கலாம். இவர்களில் யாரும் சொந்த வண்டியில் வருவதில்லை. காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஆட்டோவிலோ பாகாயம் போகும் டவுன் பஸ்ஸிலோ வருகிறார்கள். ஆக, இந்தச் சாலையின் முதல் தேவை ஆள் இறங்குவதற்கான இடம்.

ஒருநாள் காலை ஏழரைக்கு மருத்துவமனைக்கு எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பஸ் நிற்க வேண்டிய இடத்தில் மூன்று ஆட்டோ. பாகாயம் பஸ் வந்தது. ஓரத்துக்கு வர வழியில்லாமல் சாலையின் நடுவிலேயே நின்றது. இறங்கியவர்கள் ஆட்டோக்களுக்கு இடையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைந்து நடைபாதை ஏறினார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ். அதற்குப் பின்னால் காட்பாடியிலிருந்து வந்த ஆட்டோ. அதில் ஒரு பெரியவர், எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு. மகன் இறங்கிப் பைகளை எடுத்தான், பிறகு அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கினான், பிறகு சில்லறைக்காகச் சட்டைப் பை, பேன்ட் பை எல்லாம் துழாவினான். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடமும் பின்னால் நின்ற அத்தனை பேரும் ஹாரன் அடித்தார்கள். போக்குவரத்துக் காவலர் ஓடிவந்து ஆட்டோவின் பின்புறத்தைக் கையால் தட்டி "எடு, எடு" என்றார்.

முன்னால் நின்ற மூன்று ஆட்டோக்காரர்களில் ஒருவரிடம், "ஏன் தம்பி, பஸ் நிற்கிற இடத்தில் நிற்கிறாயே?" என்று கேட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "நான் ஓரமாக நிற்கத்தான் வந்தேன் சார். ஓரம் எங்கே இருக்கிறது, நீங்களே காட்டுங்கள்" என்றார்.

அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். நடைபாதையை ஒட்டி, கடை வாசல்களின் நீளத்துக்கு இருசக்கர வாகனங்கள் வரிசையாக, சாதுவாக, சாய்ந்த கால் ஊன்றி நின்றுகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்து ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்த வரிசைதான் ஆட்டோவைச் சாலைக்குத் தள்ளியது; ஆட்டோ பஸ்ஸைத் தள்ளியது; பஸ் ஆம்புலன்ஸை மறித்தது. கோபம் முழுவதும் கடைசியாக வந்து இரண்டு நிமிடம் நின்றவன் தலையில் விழுந்தது. சத்தமில்லாமல் நாள் முழுவதும் நிற்பவன்மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை.

அந்த வண்டிகள் யாருடையவை? இதைத் தெரிந்துகொள்ளக் கேமராவும் வேண்டாம், ஆலோசனை நிறுவனமும் வேண்டாம். ஒரு சாக்குக் கட்டி போதும். பல நாடுகளில் காவலர்களே கையாண்ட பழைய வழி அது. டயரில், தரையைத் தொடும் இடத்துக்கு மேலே, சிறு கோடு ஒன்று. வண்டி நகர்ந்து மறுபடி வந்து நின்றால் கோடு இடம் மாறியிருக்கும்; நகரவில்லை என்றால் இருந்த இடத்திலேயே இருக்கும். பத்து மணிக்குக் கடைகள் திறந்தபின் ஒரு சுற்று, மதியம் ஒன்றுக்கு ஒரு சுற்று, மாலை ஐந்துக்கு ஒரு சுற்று போனேன். பெரும்பாலான கோடுகள் அசையவில்லை. விசாரித்தால் கடை முதலாளி, விற்பனைப் பையன்கள், லாட்ஜ் மேலாளர், மருந்துக் கடையில் பில் போடும் பெண். வாடிக்கையாளரின் வண்டி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது கடைக்காரரின் வண்டி. இந்தக் கணக்கில் என் மொபெட்டும் சேர்த்தி. எண்ணும் மும்முரத்தில் அதையும் டீக்கடை ஓரம் காலை முதல் விட்டுவைத்திருந்தேன். ஐந்து மணிச் சுற்றில்தான் உறைத்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை 12 மணி நேரம், அதாவது 720 நிமிடம். கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் நிற்கும் இடத்தை முதலாளியின் வண்டி பிடித்துக்கொண்டால் அன்றைக்கு அந்த இடத்தின் பயன் ஒருவருக்கு. அதே இடத்தில் வாடிக்கையாளர் ஒருவர் 20 நிமிடம் நின்று போனால் 36 பேருக்கு. வியாபாரம் படுக்கும் என்று சொல்லும் கடைக்காரரிடம் நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். அவர் பயம் பொய்யென்று சொல்ல மாட்டேன். துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் குடும்பத்தோடு காரில் வருகிறவர்கள் உண்டு. முழுத் தடை போட்டால் அவர்கள் வேறு கடை பார்ப்பார்கள். ஆனால் எத்தனை பேர் அப்படி வருகிறார்கள் என்பதில் கடைக்காரரின் மதிப்பீடு எப்போதும் கூடுதலாகவே இருக்கும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரக் கடைத்தெருக்களில் கணக்கெடுத்தபோது, காரில் வருகிறவர்கள் என்று வியாபாரிகள் நினைத்த பங்கு உண்மையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. மற்றவர்கள் நடந்தும் பஸ்ஸிலும் வந்தவர்கள். அங்கேயே அப்படி என்றால், குடியாத்தத்திலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் பஸ் ஏறி வந்து பழைய பஸ் நிலையத்தில் இறங்கி நடக்கிற கூட்டத்தை நம்பியிருக்கும் மெயின் பஜாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நடக்க இடமில்லாததால் திரும்பிப் போகும் வாடிக்கையாளர் எந்தக் கல்லாவிலும் கணக்கில் வருவதில்லை.

இது புதிய ஞானமும் இல்லை. உலகின் முதல் பார்க்கிங் மீட்டரை 1935 ஜூலையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் நட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? கடைத்தெருவில் வேலை செய்பவர்களே காலையில் வந்து காரை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், வாங்க வருகிறவர்களுக்கு இடமில்லை என்ற புகார். மணிக்கு ஐந்து சென்ட் என்று வைத்ததும் நாள் முழுவதும் நின்ற கார்கள் வேறு இடம் தேடிப் போயின. டொனால்டு ஷூப் என்ற நகரத் திட்டமிடல் பேராசிரியர் பிற்காலத்தில் இதையே நெறியாக்கினார்: ஒவ்வொரு தெருத்துண்டிலும் எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும்படி கட்டணத்தை வையுங்கள், எல்லாம் நிரம்பி வழிந்தால் கட்டணம் போதவில்லை, ஏற்றுங்கள்; பாதி காலியாகக் கிடந்தால் கட்டணம் அதிகம், இறக்குங்கள். வேலூருக்கு மீட்டர் வேண்டியதில்லை. கையில் டிக்கெட் மெஷினோடு ஓர் ஆள் போதும். முதல் அரை மணி நேரத்துக்குக் காசு வேண்டாம் அல்லது பெயருக்கு ஒரு தொகை. அதற்கு மேல் மணிக்கு மணி ஏற வேண்டும். நாம் செய்வது நேர்மாறு. வெளியூர் பஸ் நிலைய வண்டிக்காப்பகத்தைப்போல, 'நாள் முழுவதற்கும் ஒரே கட்டணம்' என்று டோக்கன் கொடுக்கிறோம். கடைத்தெருவில் அந்த டோக்கன் நாள் முழுவதும் நிற்பவருக்குக் கொடுக்கும் சலுகை.

அடுத்து அகலம். ஒரு கார் நிற்க 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் கணக்கில் வைப்பார்கள். பஸ்ஸின் அகலமும் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். சாலை 10 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் கார் நின்றால் மீதி 5 மீட்டர். எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் கண்ணாடியோடு கண்ணாடி உரசும். ஒரு பக்கம் மட்டும் நிறுத்த அனுமதித்தால் 7.5 மீட்டர் கிடைக்கும், இரண்டு பஸ் தாராளமாகப் போகும். இதனால்தான் பல ஊர்களில் ஒற்றைப்படைத் தேதியில் இந்தப் பக்கம், இரட்டைப்படைத் தேதியில் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி விடுகிறார்கள். இரு பக்கக் கடைக்காரர்களுக்கும் பாகுபாடு என்ற பேச்சு வராது. இருசக்கர வாகனத்தைக் குறுக்கே நிறுத்தினால் அதன் நீளம் 2 மீட்டர்தானே என்று தோன்றும். அதைப் பின்னுக்கு இழுத்துத் திருப்புகிறவர் நிற்க இன்னும் ஒரு மீட்டர் வேண்டும். கட்டைப்பையும் ஹெல்மெட்டுமாக ஒருவர் வண்டியைப் பின்னுக்குத் தள்ளும்போது பஸ் ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்துக் காத்திருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்.

ஆனால் நூறு மீட்டர் கடைத்தெருவைவிட, சந்திப்புக்கு முந்தைய இருபது மீட்டர் முக்கியம். சிக்னலில் பச்சை விழுந்தால் ஒரு தடத்தில் சுமார் இரண்டு விநாடிக்கு ஒரு கார் வெளியேறும். முப்பது விநாடிப் பச்சையில் ஒரு தடத்துக்கு பதினைந்து கார், இரண்டு தடத்துக்கு முப்பது. நிறுத்தக் கோட்டை ஒட்டி ஒரே ஓர் ஆட்டோ பயணிக்காகக் காத்து நின்றால் ஒரு தடம் செத்தது. பாதிப் பேர் அடுத்த பச்சைக்குக் காத்திருக்க வேண்டும். அந்தப் பாதி அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளும், வால் நீண்டுகொண்டே போகும். கிரீன் சர்க்கிளில் மாட்டிக்கொண்டவர்கள், ராஜா தியேட்டர் நிறுத்தத்தில் நெளிந்தவர்கள் இதை உடம்பால் அறிவார்கள். அங்கே வைக்க வேண்டியது பெருக்கல் குறிப் பலகை. ஒரு நிமிடமும் கூடாது, எந்த வண்டியும் கூடாது, காவல்துறை ஜீப் உட்பட. முழுத் தடை என்ற கடுமையான மருந்தை இங்கே மட்டும் கொடுத்தால் பாதி நோய் தீரும் என்பது என் கணிப்பு. பஸ் நிறுத்தத்தையும் சந்திப்பைத் தாண்டிய பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பச்சையில் பஸ் கடந்துவிட்டுப் போய் நிற்கும். பின்னால் வருகிறவர்கள் சந்திப்பைத் தாண்டியிருப்பார்கள்.

மண்டித் தெருப் பக்கம் பிரச்சினையே வேறு. அங்கே அரிசி மூட்டை, வெல்லம், எண்ணெய் டின் இறக்கும் மினி லாரிகளை அடித்துத் துரத்த முடியாது. அதுதான் தெருவின் பிழைப்பு. "ராத்திரியில் இறக்குங்கள்" என்று சொல்லிவிடலாம். சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லாரி விடியற்காலை நாலுக்கே வந்துவிடும். கணக்குப்பிள்ளை ஒன்பதுக்குத்தான் வருவார். பூட்டைத் திறக்க, மூட்டையை எண்ண, கையெழுத்துப் போட அவர் வேண்டும். சுமை தூக்குபவர்களுக்கு விடியலில் வேலை என்றால் கூலி கூடுதல். ஐந்து மணி நேரம் லாரி தெருவில் தூங்கி, கூட்டம் கூடும் நேரத்தில் இறக்கத் தொடங்கும். ஓட்டுநருக்கு அபராதம் போட்டு என்ன பயன்? கணக்குப்பிள்ளையை ஏழு மணிக்கு வரவழைத்தால் பாதிச் சிக்கல் அவிழும். வியாபாரிகள் சங்கத்தோடு உட்கார்ந்து, காலை ஒன்பதுக்குள் இறக்கி முடிப்பது, பகலில் வருவது சின்ன யானை வண்டியாக மட்டும் இருப்பது, அதற்கென்று தெருவின் இரண்டு இடங்களில் மஞ்சள் கட்டம் போட்டு இருபது நிமிடம் அனுமதிப்பது என்று பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. பலகை நடுவதைவிடப் பத்து மடங்கு அலுப்பான வேலை. அதனால்தான் பலகை நடுகிறோம்.

சட்டத்துக்கு வருகிறேன், மூன்றாவது கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம், 1988. வண்டிகள் எங்கே நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், பயணிகள் வாகனங்கள் எங்கே கூடுதல் நேரம் நிற்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் 117ஆவது பிரிவில் மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அலுவலருக்கும் உண்டு. உள்ளாட்சி அமைப்பைக் கலந்துகொண்டு செய்ய வேண்டும். ஒரு சாலையில் குறிப்பிட்ட வகை வண்டி ஓடுவதையே தடுப்பதும் கட்டுப்படுத்துவதும் 115ஆவது பிரிவு. பகலில் லாரி வரக்கூடாது என்பதெல்லாம் அதன்கீழ்தான். அதில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மிகாத தடைக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை, உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். சோதனை ஓட்டம் பார்க்க இதைவிட என்ன வேண்டும்?

தனியாரைப் பொறுத்தவரை, 'எங்கள் கடை முன் வண்டி நிறுத்தாதீர். மீறினால் காற்று பிடுங்கப்படும்' என்ற பலகைக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. காற்றைப் பிடுங்கினால் பிடுங்கியவர்மேல்தான் வழக்கு வரும். உடைந்த நாற்காலி, மணல் நிரப்பிய பெயின்ட் டப்பா, சிமென்ட் வார்த்து நடுவில் குழாய் செருகிய டின், பூந்தொட்டி எல்லாம் பொது இடத்தின் ஆக்கிரமிப்பு. ஆனால் வீட்டு வாசலையோ கடையின் நுழைவழியையோ அடைத்து வண்டியை விடுவதும் தவறுதான். சாலை விதிகள் அதைத் தனியாகவே சொல்கின்றன. கூடவே நடைபாதை, சந்திப்பின் அருகு, வளைவு, பாலம், பாதசாரிகள் கடக்கும் இடம், பஸ் நிறுத்தம், பள்ளி மற்றும் மருத்துவமனை வாயில், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசை, இவை எங்குமே வண்டியை விட்டுப் போகக்கூடாது. இதற்குப் பலகை இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. "போர்டு எங்கே இருக்கிறது?" என்று பாலத்தின் மேல் நின்றுகொண்டு வாதாடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

போக்குவரத்துக்கு இடைஞ்சலாக வண்டியை வைத்தால் 201ஆவது பிரிவின்படி 500 ரூபாய் வரை அபராதம். 2019 திருத்தத்துக்கு முன் இந்தப் பிரிவு பழுதாகி நின்ற வண்டிக்கு மட்டும்தான். அபராதமும் மணிக்கு 50 ரூபாய் வரைதான். இப்போது நல்ல நிலையில் உள்ள வண்டிக்கும் பொருந்தும். தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியைச் சீருடையில் இருக்கும் காவல் அலுவலரின் உத்தரவின்பேரில் இழுத்துச் செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ 127ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. செலவு உரிமையாளர் தலையில். இந்தச் சக்கரப் பூட்டு எனக்குப் புரியாத விஷயம். நெரிசலான சாலையில் இடைஞ்சலாக நிற்கும் வண்டியைப் பூட்டினால் அது இன்னும் இரண்டு மணி நேரம் அதே இடத்தில் நிற்கும். அமைதியான தெருவுக்கு அது சரி. மெயின் பஜாருக்கு ஆகாது. இழுத்துச் செல்வதிலும் சிக்கல் உண்டு. தனியாரிடம் ஒப்பந்தம் விட்டு, வண்டிக்கு இவ்வளவு என்று கொடுத்தால், எளிதில் தூக்க முடிந்த ஸ்கூட்டர்கள் போகும், காருக்குக் கிட்டவே போக மாட்டார்கள். பெங்களூரில் மக்கள் கொந்தளித்து 2022 பிப்ரவரியில் இழுத்துச் செல்லும் முறையையே நிறுத்தி வைத்தார்கள். படம் எடுத்து இ-சலான் அனுப்புவது போதும். அபராதத்தின் அளவைவிட, மாட்டுவோம் என்ற நிச்சயம்தான் வேலை செய்யும். வருடத்துக்கு ஒருமுறை 500 ரூபாய் கட்டுகிறவருக்கு அது வாடகை. வாரத்துக்கு இரண்டு முறை கட்டுகிறவருக்குத்தான் அது அபராதம்.

நாள் முழுவதும் நிற்கும் வண்டிகளை எங்கே அனுப்புவது என்ற கேள்வி மிச்சம். "கோட்டைக்கு எதிரில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டலாமே" என்று ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது சொல்வார்கள். வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான் கட்ட முடியும். ஆகவே அகழி ஓரத்தில் திறந்த மைதானமாக விடலாமே தவிர, மாடி எழுப்ப முடியாது. திறந்த மைதானம் என்றால் மே மாதத்தில் யாரும் வண்டியை விட மாட்டார்கள், சீட் சுட்டுவிடும். வேப்ப மரமோ புங்க மரமோ இருந்தால் வருவார்கள். சிரிக்க வேண்டாம், இந்த ஊரில் வாகன நிறுத்தத் திட்டத்தின் முதல் செலவு மரக்கன்றுக்காக இருக்க வேண்டும். அது வளரும்வரை தகரக் கூரை. கடைப் பணியாளர்களுக்கு மாதச் சீட்டு, ஐந்து நிமிட நடை, மழைக்கும் வெயிலுக்கும் கூரை, இரவு பத்து வரை காவலாள், இந்த நான்கும் இருந்தால் கடை வாசலில் நிற்கும் வரிசை தானாகக் கரையும். இல்லாமல் தடை மட்டும் போட்டால் வண்டிகள் பக்கத்துச் சந்துக்குள் புகுந்து, அங்கே குடியிருப்பவர்களின் திண்ணைக்கு முன் நிற்கும். நெரிசல் தீர்ந்தது என்று பத்திரிகையில் வரும். சந்துக்காரர்களின் பெயர் எங்கும் வராது.

சென்னைப் பாண்டி பஜாரைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். 2019இல் அங்கே நடைபாதையை அகலமாக்கி, வண்டி நிறுத்தத்தை ஒழுங்கு செய்து, கட்டணம் வைத்து, பிறகு அருகில் அடுக்குமாடி நிறுத்தமும் கட்டினார்கள். நடக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாலையின் அகலம், மெட்ரோவும் மின்சார ரயிலும் பக்கத்தில் இருப்பது, மாநகரின் பணம் இதெல்லாம் சேர்ந்த காரியம் அது. நம் ஊர் லாங் பஜாரின் அகலத்துக்கு அதைப் பெயர்த்து வைக்க முடியாது. நடைபாதை வியாபாரிகளையும் கூட்டிப் பெருக்கித் தள்ளிவிட முடியாது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி முதலில் நகர விற்பனைக் குழு அமைத்து, கணக்கெடுத்து, இடம் ஒதுக்க வேண்டும். பூக்காரம்மாவின் கூடை பிடிக்கும் இடம் ஒரு ஸ்கூட்டரின் இடத்தில் பாதி என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்னிடம் பொறுப்பைக் கொடுத்தால் முதல் ஒரு மாதத்துக்கு மூன்றே காரியம் செய்வேன். சந்திப்புகளின் வாயில் இருபது மீட்டரில் யாரும் நிற்கக்கூடாது. ஆற்காடு சாலையில் மருத்துவமனைப் பக்கம் பஸ்ஸுக்கு ஒரு பட்டை, அதைத் தாண்டி ஆட்டோ ஆள் இறக்க மூன்று நிமிடப் பட்டை ஒன்று. அதற்கென்று ஒரே ஒரு காவலர். அவர் வேலை விரட்டுவது அல்ல, இறங்கிய ஆட்டோவைக் கிளப்பி அடுத்ததை உள்ளே அழைப்பது. காட்பாடிப் பக்கம் திரும்பும் ஆட்டோக்கள் வரிசையில் காத்திருக்க வேறொரு தெருவில் இடம். மூன்றாவதாக, காந்தி ரோட்டில் அரை மணி நேர வரம்பு. சாக்குக் கட்டியோடு இரண்டு பேர். மெயின் பஜாரை அந்த மாதம் தொடவே மாட்டேன். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் இந்த வேலையைத் தொடங்கவும் மாட்டேன்.

முன்பும் பின்பும் எண்ண வேண்டும், அது மட்டும் கட்டாயம். பாகாயம் பஸ் பழைய பஸ் நிலையத்திலிருந்து மருத்துவமனை வாசலைத் தாண்ட எத்தனை நிமிடம் ஆகிறது என்று காலை எட்டு முதல் பத்து வரை பத்து பஸ்ஸில் ஏறிக் குறித்துக்கொள்ளுங்கள்; மாதம் முடிந்ததும் மறுபடி குறியுங்கள். நீங்கள் அந்தப் பக்கம் குடியிருப்பவர் என்றால் இதை நீங்களே செய்யலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. டயரில் கோடு போடுவதாக இருந்தால் மட்டும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள். நான் சொல்லாமல் போட்டு, காற்றைப் பிடுங்க வந்தவன் என்று ஒரு மருந்துக் கடைப் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.